நீ கொடுத்த வெள்ளிக்கிழமை

இன்று காலை பெட்டியைக் கவிழ்த்தேன். இந்த அஜ்மான் அறையைக் காலி செய்ய வேண்டும், கட்டிடத்தை இடிக்கப் போகிறார்களாம். பழைய சட்டைகளுக்கும் கம்பளிக்கும் அடியிலிருந்து அந்த நீல ஷார்ட்ஸ் விழுந்தது. இடுப்பு எலாஸ்டிக் தொய்ந்து, பக்கத்தில் இருந்த வெள்ளைக் கோடு மங்கிப்போயிருந்தது. குப்பைப் பையில் போடுவதற்கு முன் பழக்கதோஷத்தில் பாக்கெட்டைத் திருப்பினேன். மணல் கொட்டியது. நிறைய இல்லை, ஒரு சிட்டிகை. கோர்ஃபக்கான் கடற்கரை மணல். நாலு வருஷமாக என் கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

நீ போய் நாற்பது நாள் முடிந்துவிட்டது. ரோலாவில் உன் தம்பி ரஹீம் பாத்திஹா ஓதிச் சோறு போட்டானாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டான், அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இறந்துபோனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் மரியாதை. அந்த மரியாதை எனக்கு இன்றைக்கு வேண்டாம். நான் உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் திட்டியிருக்க வேண்டியது. பேசாமலே இருந்து அந்த நாலு வருஷத்தையும் வீணாக்கினேன். அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது.

நாம் இரண்டு பேரும் இங்கே வளைகுடாவில் ஒரே கம்பெனியில் அலுமினிய ஜன்னல் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தோம். நீ தொண்டிக் கடற்கரை, நான் அங்கிருந்து உள்ளே தள்ளித் திருவாடானைப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் முகம் பார்க்காமல் போய் வந்திருப்போம். ரோலாவில் ஆறு பேர் அறையில் மேல் கட்டில் உனக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. முதல் வாரத்திலேயே நான் உனக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன், என் அம்மா உனக்கு அத்தை ஆகிவிட்டாள். ஒருமுறை லீவில் போனபோது அவளை நேரில் போய்ப் பார்த்தாய். முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டாயே என்று உன்னைக் கடிந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடி முட்டை வாங்கி வந்து பொரித்துப் போட்டாளாம். அந்த முட்டையைப் பற்றித் திரும்பி வந்து மூன்று மாதம் பேசினாய். அதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருப்பதால்தான் எரிச்சல் கூடுகிறது.

வெள்ளிக்கிழமை என்றால் நீ ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லும் வரை தூங்குகிற ஆள். வெளியே போகலாம் என்று யார் கூப்பிட்டாலும் வரமாட்டாய். கடல் என்றால் இன்னும் மோசம். "கடல்ல என்ன மாப்ள இருக்கு? உப்புத் தண்ணி" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாய். உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில்தான் இருந்தது. சம்பளம் ஏன் தள்ளிப்போகிறது, கம்பெனி கை மாறப் போகிறதா, ஊரில் மழை உண்டா என்று எதைக் கேட்டாலும், "தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?" என்பாய். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அறையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அப்படிப்பட்ட நீ அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளித்து, தலை சீவி, என்னைக் காலைப் பிடித்து இழுத்தாய். "யல்லா மாப்ள, எந்திரி. கோர்ஃபக்கான் போறோம்." எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. வந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் அறை, கம்பெனி வண்டி, அலுமினியத் தூள். யாராவது கூட்டிப் போக மாட்டார்களா என்று இருந்தவன் நான். போனை எடுத்துப் பையில் வைக்கப் போனேன். வாங்கிச் சார்ஜரில் சொருகினாய். கம்பெனிக்காரன் கூப்பிட்டு ஓவர்டைம் வா என்பான், இன்றைக்கு ஒருநாள் அது இங்கேயே கிடக்கட்டும் என்றாய். நியாயமாகத்தான் பட்டது.

அதற்கு அரை மணி நேரம் முன்னால் என்ன நடந்தது என்று எனக்கு இப்போது தெரியும். என் தாய்மாமா ஊரிலிருந்து உன் போனுக்குக் கூப்பிட்டார். அம்மாவை ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "அக்காவுக்கு ரொம்ப முடியல தம்பி. அவன்கிட்டப் பதறாமச் சொல்லிப் புறப்பட்டு வரச் சொல்லுங்க" என்றார். நீ சரி மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய்.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு நம் ஆட்கள் துக்கத்தை நேராகச் சொல்வதில்லை. கூட இருக்கிறவனைக் கூப்பிடுவார்கள். அவனிடமும் இறந்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள். ரொம்ப முடியவில்லை, வரச் சொல்லுங்கள் என்பார்கள். கேட்கிறவன் அதற்கு மேல் கேட்பது முறையில்லை. முடிந்துவிட்டது என்று தானாக எடுத்துக்கொண்டு, டிக்கெட் கிடைக்கிற வரைக்கும் சம்பந்தப்பட்டவனைச் செய்தி அண்டாமல் பார்த்துக்கொள்வான். நாமும் செய்திருக்கிறோம். நம் அறையில் இருந்த பரமக்குடிக்காரனின் அப்பா இறந்த அன்று அவனை ரோலா பஜாரில் சாயங்காலம் வரை சுற்ற வைத்தோம். இறந்துபோன அப்பாவுக்கு அவன் ஒரு டார்ச் லைட் வாங்கினான். நீ பேட்டரி போட்டு அடித்துப் பார்த்துக் கொடுத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது தப்பு என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆகவே மாமா சொன்னதை நீ எப்படிப் புரிந்துகொண்டாய் என்பது எனக்குத் தெரிகிறது. அம்மா போய்விட்டாள். வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கிடையாது. என் பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டியில் பூட்டியிருக்கிறது. அதை எடுத்துத் தர வேண்டிய மந்தூப், கம்பெனியின் விசா வேலை பார்க்கிற ஆள், சனிக்கிழமை காலைதான் வருவான். இன்றைக்குச் சொன்னால் இவன் ஒரு பகலும் ஒரு இரவும் அறையில் கிடந்து துடிப்பான், போகவும் முடியாது. அதற்குப் பதில் எங்காவது தூரமாகக் கூட்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்தாய். எல்லாம் சரி. எல்லாம் ஒழுங்கான யோசனை. மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? இருக்கிறாளா, இல்லையா என்று?

கார் நம் போர்மேன் அபு சமீருடையது. சிரியாக்காரர், லதாக்கியா ஊர், நல்ல மனுஷன். அன்றைக்குக் கீழே வந்து நின்று என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அரபியில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று உன்னைக் கேட்டேன். பயணம் நல்லபடியாக இருக்கட்டும் என்கிறார் என்றாய். முன் சீட்டில் நீ, பின்னால் நானும் ரஹீமும். ரஹீம் ரோலாவில் அத்தர் கடையில் இருந்தான், காலையிலேயே அவனையும் எழுப்பி வரவழைத்திருந்தாய். கழுத்தில் கேமரா தொங்கியது. தைத் என்ற ஊரைத் தாண்டும் வரை நீயும் அபு சமீரும் அரபியிலும் ஹிந்தியிலுமாகத் தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டே வந்தீர்கள். எந்த ரோட்டில் போவது என்பதில் தகராறு என்று நினைத்தேன். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார், அவனிடம் சொல்லிவிடு, எங்கள் ஊரில் உடனே சொல்லிவிடுவோம் என்று அவர் சொன்னாராம். எங்கள் ஊரில் அப்படியில்லை என்று நீ சொன்னாயாம். எங்கள் ஊர் என்று உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உன் ஊர் தொண்டி. என் அம்மா இருந்தது என் ஊரில்.

மசாஃபி சந்தையில் காரை நிறுத்தினோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பழக்கூடைகள், மண்பானைகள், தொங்கவிட்ட கம்பளங்கள். ஒரு டீயைக்கூட இரண்டு பேருக்குப் பங்கு போடுகிற நீ எனக்கு இந்த ஷார்ட்ஸை வாங்கிக் கொடுத்தாய். பேரம்கூடப் பேசவில்லை. பிறகு ஆரஞ்சு, பிறகு தேங்காய் பிஸ்கட். நான் உன்னைக் கிண்டல் செய்தேன், என்ன மாப்ள, லாட்டரி விழுந்ததா என்று. ரஹீம் சிரிக்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மலைகளுக்கு நடுவே கார் இறங்கி, திடீரென்று கடல் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் நீலத் தண்ணீர், தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள், கன்டெய்னர் கப்பல்கள். லதாக்கியாவும் இதே மாதிரிதான், மலையும் துறைமுகமும் பக்கம் பக்கமாக இருக்கும் என்று அபு சமீர் சொன்னார். அந்தக் கடலில் தண்ணீர் இதைவிடக் குளிர்ச்சி, அவர் அம்மா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும் என்றார். அம்மா என்று சொன்னதும் நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

நீங்கள் மூன்று பேரும் ஜும்மாவுக்குப் போனீர்கள். நான் பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். மற்றவர்கள் வந்து வெகுநேரம் கழித்து நீ வந்தாய். கண் சிவந்திருந்தது. அவ்வளவு நேரம் அப்படி என்ன கேட்டாய் என்றேன்.

"அத்தைக்காகக் கேட்டேன்" என்றாய்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லையா என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. உயிரோடு இருக்கிறவளுக்கு நீ அங்கே மறுமை கேட்டுக்கொண்டிருந்தாய். ஊரில் அப்போது மதியம் இரண்டரை. அவள் என் தங்கையிடம், இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே, அவன் பேசுவான்ல என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை மதியம் நான் அவளோடு பேசுவேன். இரண்டு வருஷமாக ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை, அது உனக்கும் தெரியும். பாதிப் பேச்சில் போனைப் பிடுங்கி நீயும் அவளிடம் வம்பிழுப்பாய். கோர்ஃபக்கானில் சாப்பிட்டு முடித்ததும் எனக்கு அந்த நேரம் வந்தது. உன் போனைக் கேட்டேன், பேலன்ஸ் இல்லை என்றாய்; காலையிலிருந்தே அதை அணைத்து வைத்திருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. ரஹீமைக் கேட்டேன், சார்ஜ் இல்லை என்றான். அபு சமீர் தன்னுடையதை எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டார். நீ அரபியில் ஒரு வார்த்தை சொன்னதும் கையை வெளியே எடுத்துக் கடலைப் பார்த்தார். கடற்கரையோரம் கார்டு போட்டுப் பேசுகிற பூத் ஒன்று இருந்தது. என் பர்ஸில் கார்டும் இருந்தது. எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டேன்.

"அத்தை இந்நேரம் தூங்குவாங்க மாப்ள. ரூமுக்குப் போயி நிதானமாப் பேசு. வா, தண்ணிக்குள்ள எறங்குவோம்."

நான் திரும்பி வந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை அந்த நாலு எட்டையும் மேற்கொண்டு நடந்து பார்த்துவிட்டேன். பூத்துக்குப் போகிறேன், கார்டைச் சொருகுகிறேன், தங்கை எடுக்கிறாள், அம்மா காதில் வைக்கிறாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. டிக்கெட்டும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். உன் ஒழுங்கான யோசனையில் இது மட்டும் எப்படி விட்டுப்போனது?

எனக்கு நீச்சல் தெரியாது. கண்மாயில்கூட ஓரத்தில் நின்று குளிக்கிறவன் நான். கடற்கரையில் பிறந்த நீ என்னை இடுப்பளவு தண்ணீருக்கு இழுத்துப் போய் மல்லாக்கப் படுக்கச் சொன்னாய். நான் படுக்கப் படுக்க மூழ்கினேன், மூக்கில் உப்பு ஏறியது, உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினேன். ரஹீம் கரையிலிருந்து படம் எடுத்தான். கடைசியில் என் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாய். "ஒடம்ப விடு மாப்ள. தண்ணி தாங்கும்" என்றாய். விட்டேன். தாங்கியது. காது இரண்டும் தண்ணீருக்குள், வானம் மட்டும் மேலே. நீ எப்போது கையை எடுத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. மிதக்கிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. அப்படியொரு சிரிப்பு. வயிறு குலுங்கக் குலுங்க மூழ்கி எழுந்து மறுபடி மிதந்து மறுபடி சிரித்தேன். நேரம் இரண்டரை இருக்கும். ஊர் நேரம் நாலு.

கிளம்பும்போது கரையில் ஒரு பெங்காலியிடம் கேமராவைக் கொடுத்து நாலு பேரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். ரஹீம் ரோல் கழுவிய பிறகு அதில் ஒரு பிரதி யார் மூலமோ எனக்கு வந்து சேர்ந்தது. ஈரத் தலையோடு கேமராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரிய இளித்துக்கொண்டு நிற்பவன் நான். நீங்கள் மூன்று பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பொழுது சாய ரோலா வந்து அறைக் கதவைத் திறந்தபோது என் பெட்டி கட்டி முடித்துக் கதவோரம் நின்றது. அறையில் மீதி இருந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பரமக்குடிக்காரன் டார்ச் லைட்டோடு திரும்பி வந்தபோது நானும் இதே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"அத்தை போயிட்டாங்கடா" என்றாய். "காலையிலயே."

நான் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினேன். திரை முழுக்க என் தங்கையின் தவறிய அழைப்புகள். காலையிலேயே போனவளுக்கு மதியத்தில் எதற்கு இத்தனை அழைப்பு என்று ஒன்றும் விளங்கவில்லை. கூப்பிட்டேன். எடுத்ததும் அவள் அழவில்லை, சண்டை போட்டாள்.

"எங்கண்ணே போன? நாலு மணி வரைக்கும் உசுரு இருந்துச்சே. ஒன்னத்தானே கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

மூச்சு முட்டியதாம், ஆனால் நினைவு இருந்ததாம். மூன்று மணியிலிருந்து தங்கை என் நம்பரைப் போட்டுப் போட்டு அவள் காதில் வைத்திருக்கிறாள். இங்கே மணி அடிப்பது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அடிக்குதுடி, எடுப்பான், வெளியே நிப்பான், இப்ப எடுப்பான் என்று அவளே தங்கைக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறாள். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள். கடைசியாக என் அம்மா கேட்டது அந்த அறையில், அந்தச் சார்ஜரில், யாரும் எடுக்காமல் அடித்த மணியைத்தான்.

நான் வாய்விட்டு நாலு மணிக்கா, நாலு மணிக்கா என்று கேட்டிருக்கிறேன். நீ பின்னால் நின்றாய். "காலையில இருந்தாங்களா?" என்றாய். அந்தக் கேள்வியை எவ்வளவு தாமதமாகக் கேட்டாய் பார். போனை வைத்துவிட்டுத் திரும்பி உன்னை அடித்தேன். ஒரு அடியில் நிற்கவில்லை. நீ கையைக்கூடத் தூக்கவில்லை. படியேறி வந்த அபு சமீர்தான் என்னைப் பிடித்து இழுத்தார்.

சனிக்கிழமை பாஸ்போர்ட் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தேன். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன், அதில் குறையில்லை. மாமா என்னிடம், நான் உள்ளதைத்தானப்பா சொன்னேன், முடியல, வரச் சொல்லுங்கன்னுதானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பாவம், நம் ஆட்களில் ஒருவர் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னார், நீ அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டாய்.

திரும்பி வந்து அறையை மாற்றிக்கொண்டு அஜ்மானுக்கு வந்தேன். வேறு கம்பெனி. தினமும் இரண்டு பஸ் மாறிப் போனாலும் பரவாயில்லை, உன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று இருந்தது. நீ இரண்டு முறை ஆள் விட்டாய். ஒருமுறை நீயே வந்து கட்டிடத்துக்குக் கீழே பக்காலா மளிகைக்கடை வாசலில் நின்றாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் ஏதோ பொட்டலம். ஒரு மணி நேரம் நின்றாய், நான் இறங்கவில்லை. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. அடுத்த வருஷம் நீ நாடு மாறி யான்புவுக்கு, ஏதோ ரிஃபைனரி வேலைக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது, இனிமேல் பஸ்ஸில் எதிர்ப்பட மாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை மாதம் முன்னால் ஒரு காலையில் யான்புவிலிருந்து போன். தெரியாத குரல், தென்காசிப் பக்கத்துப் பேச்சு. உன்னோடு அறையில் இருப்பவராம். நீ கம்பெனியில் எழுதிக் கொடுத்த தாளில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் என் பெயரும் என் நம்பரும் இருந்ததாம். முகத்தில் விழிக்காதவன் நம்பரை அங்கே எழுத உனக்கு என்ன நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்? அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். பாய்க்கு ரொம்ப முடியல, அவர் தம்பி உங்க ஊர்லதான இருக்காரு, பக்குவமாச் சொல்லுங்க என்றார்.

"இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

ரொம்ப முடியலன்னுதான் என்று மழுப்பினார். நான் மறுபடி கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்தாராம், எழுந்திருக்கவில்லையாம் என்றார். பிறகு அவசரமாக, அங்கேயே அடக்கம் செய்யத்தான் ஏற்பாடு, தம்பியால் இங்கே வரவும் முடியாது, அதனால் இன்றைக்கே சொல்ல வேண்டாம், எங்கேயாவது வெளியே கூட்டிப் போய், சாயங்காலமாக மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வாடகை வண்டி பிடித்து ரோலா போனேன். ரஹீம் அத்தர் கடையைத் திறந்து, கல்லாவில் உட்கார்ந்து காகிதக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நாலு வருஷம் கழித்து என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தான். வாங்கண்ணே என்று சொல்லி, எனக்கும் டீ சொல்லக் கையைத் தூக்கினான். நான் உட்காரவில்லை. "ரஹீம், ஒங்கண்ணன் மௌத்தாயிட்டாரு. இன்னைக்குக் காலையில" என்றேன். நேராக, ஒரே மூச்சில். இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாலு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மாதிரி.

கப் கையிலிருந்து விழுந்து டீ அவன் கால்மேல் கொட்டியது. தரையில் உட்கார்ந்துவிட்டான். விழுந்த கப்பை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எங்கண்ணன் ஒங்களுக்கு ஒரு பகல் பூராக் குடுத்தாரு. நீங்க எனக்கு இந்த டீயக் குடிச்சு முடிக்கக்கூட விடல."

 எனக்கு யாரும் கொடுக்காததை உனக்குக் கொடுத்தேன் என்று அவனிடம் சொல்லவா? அது உண்மைதானா என்றுகூட இப்போது நிச்சயமில்லை. நான் சொன்னது அவன் நல்லதுக்கா, அல்லது உன்மேல் இருந்த கோபத்தை உன் தம்பி தலையில் இறக்கினேனா? அவனுக்குப் போவதற்கு இடமில்லை, காதில் போனை வைக்க ஆளில்லை. அந்த டீயைக் குடித்துவிட்டு அவன் தெரிந்துகொண்டிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனாலும் நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ செய்ததைச் சரி என்றும் சொல்ல மாட்டேன். எவன் போனில் வந்து முடியவில்லை என்று இழுத்தாலும், இருக்கிறாரா இல்லையா என்றுதான் முதலில் கேட்பேன். அறைக்காரர்கள் எனக்குக் கல்நெஞ்சு என்கிறார்கள். இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொன்னதில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் நான் அஜ்மான் கடற்கரைக்குப் போகிறேன். போனைக் கரையில் சட்டைக்குள் சுருட்டி வைக்காமல், நெகிழிப் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குகிறேன், ஆட்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மல்லாக்கப் படுக்கிறேன். நீ சொல்லிக் கொடுத்தபடி உடம்பை விட்டால் தண்ணீர் தாங்குகிறது. முதுகில் உன் உள்ளங்கை இருந்த இடம் எனக்குத் தெரிகிறது. சிரிப்பு மட்டும் வருவதில்லை.

கொட்டிய மணலைக் காகிதத்தில் கூட்டி எடுத்துப் பழையபடி பாக்கெட்டிலேயே போட்டு, ஷார்ட்ஸை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நீ அன்றைக்குச் சொன்னதெல்லாம் பொய். பேலன்ஸ் இல்லை என்றது பொய், தூங்குவாங்க என்றது பொய், பயணம் நல்லபடியாக இருக்கட்டும் என்றது பொய். ஆனால் அந்தத் தண்ணீரில் நான் சிரித்தது பொய் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. என் அம்மா மணியைக் கேட்டுக்கொண்டே போன நேரத்தில் அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்தாயே, அதைத்தானடா மாப்ள என்னால் மன்னிக்க முடியவில்லை.